சதுரத்துக்குள் மூன்று பேர்

கேமரா வீட்டுக்கு வந்த நாளில் கோமளத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷக் கோடை. கணவனின் தம்பி ஷ்ரவண் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது அதைக் கொண்டுவந்தான். மந்தைவெளியில் இரண்டாம் மாடி ஃப்ளாட்டின் கூடத்தில் சோபாமேல் அட்டைப்பெட்டியைப் பிரித்து, தெர்மோகோல் அச்சுக்குள்ளிருந்து எடுத்து அண்ணன் கையில் வைத்தான். கல்யாண மண்டபங்களில் ஒருவன் தோளில் சுமக்க, பின்னாலேயே இன்னொருவன் விளக்கையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு அலைவானே, அந்த மாதிரிக் கேமரா இல்லை. ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. புறங்கைமேல் வாரை இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி.

"ஒண்ணும் படிக்க வேண்டாண்ணா. கண்ணை இங்க வெச்சுக்கோ, கட்டைவிரலால சிவப்புப் பட்டனை அமுக்கு. அவ்வளவுதான்," என்றான் ஷ்ரவண்.

அனந்தராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரப்பர் வளையத்தில் கண்ணைப் பொருத்தினான். பால்கனியிலிருந்து சமையலறை வாசல்வரைக்கும் மெள்ளத் திரும்பினான். தரையில் தெர்மோகோலை உதிர்த்துக்கொண்டிருந்த ஏழு வயசுப் பிரணவ், ஜன்னல்மேல் சாய்ந்திருந்த அவன் அக்கா ஹம்சா, காப்பித் தட்டோடு நின்ற கோமளம் எல்லோரையும் கடந்து போய்விட்டு, அதே வழியாகத் திரும்பி வந்தான்.

"எல்லாரும் இருக்கேள்," என்றான். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"பின்ன எங்க போவோம்?" என்று ஷ்ரவண் சிரித்தான். கோமளமும் சிரித்தாள்.

அனந்தராமன் அவளுக்கு மாமா பிள்ளை. தான் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவளுக்கு அவனைத் தெரியும். தியாகராய நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் உதவி மேலாளர். அதிர்ந்து பேசாதவன். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஆபீசிலிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறவன். அதற்குமேல் சினிமா, டிராமா, கச்சேரி என்று எதற்குக் கூப்பிட்டாலும் தலைவலி என்பான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கணவன்மார்களைப் பற்றிக் குறைப்படும்போதெல்லாம் கோமளம் இதை நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

கேமரா வந்த பிறகு அவன் மாறிப்போனான். காலையில் ஹம்சா தலை பின்னிக்கொள்வதை எடுத்தான். பிரணவ் இட்லியைச் சர்க்கரையில் புரட்டுவதை எடுத்தான். கோமளம் தான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் திருத்துவதைக்கூட எடுத்தான். "இதையெல்லாம் எவன் போட்டுப் பாப்பான்?" என்று கேட்டாள். "நான் பாக்கத்தான் எடுக்கறேன்," என்றான். மார்க்கெட்டுக்குப் போனாலும் கழுத்தில் அது தொங்கியது. கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் நின்று கண்ணில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைத்தான். சிவப்பு விளக்கு பல சமயம் எரியவேயில்லை. அவன் படம் எடுக்காமல் வெறுமனே அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவள் கவனித்தாள். புதுப் பொருள்மேல் இருக்கிற மோகம் என்று விட்டுவிட்டாள்.

தி.நகரில் ஒரு உறவினர் கல்யாணம் நடந்தது. கல்கத்தாவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், அனந்தராமனின் அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், பந்தி வாசலில் அவனைப் பார்த்துக் கை நீட்டினார். அனந்தராமன் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பெரியவர் அதை இழுத்து வேஷ்டியில் துடைத்துக்கொண்டார்.

"கேமரா வந்ததும் ஆத்துக்காரருக்கு மனுஷாளெல்லாம் கண்ணுக்குத் தெரியறதில்லை போலருக்கு," என்று அவர் மனைவி கோமளத்தின் காதில் படும்படி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கோமளம் சண்டை போட்டாள். அனந்தராமனின் முகம் வெளிறிப்போனது. "கை நீட்டினாரா?" என்றான். பொய் சொல்கிறான் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

ஆடி மாசத்தில் அடையாறு போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. மந்தைவெளிக்குக் கொஞ்சம் முன்னால் இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு மூன்று சக்கரச் சரக்கு வண்டி, தகர டிரம்களை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. பின் சீட்டிலிருந்த கோமளம் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அனந்தராமனும் பார்த்திருப்பான், வேகத்தைக் குறைப்பான் என்று காத்திருந்தாள். ஸ்கூட்டர் அதே வேகத்தில் போனது. "வண்டி, வண்டி," என்று அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கியபோது டிரம்மின் விளிம்பு ஹாண்டில்பாரில் மோதிவிட்டது.

கோமளத்தின் முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. வண்டிக்காரன் சீட்டிலிருந்து குதித்து வந்தான். சுப்புராயன் என்று சந்துமுனைக் கடையில் நின்றவர்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இன்னா சார், கண்ணு தெரில? மலை மாதிரி எதுக்க வந்துகினு கீறேன். கையக் காட்டிக் கத்துறேன். நீ பாட்டுக்கு வந்துகினே கீற."

ஸ்கூட்டர் சாவி தெறித்து விழுந்திருந்தது. அனந்தராமன் குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தான். சாவி அவன் வலது செருப்பை ஒட்டிக் கிடந்தது. விரல்கள் இடதுபக்கம் துழாவின, முன்னால் துழாவின, ஒரு கல்லை எடுத்துக் கீழே போட்டன. சுப்புராயன் திட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தான். பிறகு தானே குனிந்து சாவியை எடுத்து, அனந்தராமனிடம் கொடுக்காமல் கோமளத்தின் கையில் வைத்தான்.

"தள்ளிகினே வூட்டுக்குப் போங்கமா," என்றான் தணிந்த குரலில்.

அனந்தராமன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிரணவ் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போவது அந்த ஸ்கூட்டரில்தான், அப்பாவின் முழங்கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு. அதை நினைத்தபடியே கோமளம் பின்னால் நடந்தாள். மறுநாளிலிருந்து, தன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழிதானே, பிரணவைத் தானே நடத்திக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த வாரமே பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகலாம் என்று ஹம்சா பிடிவாதம் பிடித்தாள். பஸ்ஸில் போனார்கள். அனந்தராமன் உற்சாகமாகத்தான் இருந்தான். குழந்தைகள் அலையில் ஓடுவதையும் கோமளம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் எடுத்தான். வெயில் இறங்கி மணல் சாம்பல் நிறமாக மாறியது. அப்போதும் கண்ணிலிருந்து கேமராவை எடுக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பி எடுத்தான். திடீரென்று அதைக் கீழே இறக்கி உதறினான்.

"பேட்டரி போயிடுத்து," என்றான்.

"போனாப் போறது. நாளைக்குச் சார்ஜ் பண்ணிக்கலாம். வாங்கோ, போலாம்."

அவன் நகரவில்லை. சுற்றிலும் ஜனம். பலூன்காரன், பட்டம் விடுகிறவர்கள், தள்ளுவண்டிகளில் எரிகிற பெட்ரோமாக்ஸ். எல்லோரும் நடமாடிக்கொண்டிருந்த இடத்தில் அவன் மட்டும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான். முகம் ஒரே திசையில் இருந்தது. அந்தத் திசையில் பார்க்க எதுவும் இல்லை.

"பிரணவ், அப்பா கையைப் பிடிச்சுக்கோடா. கூட்டத்துல தொலைஞ்சு போயிடுவே," என்றான்.

பிரணவ் வந்து பிடித்துக்கொண்டான். கோமளமும் ஹம்சாவும் முன்னால் நடந்தார்கள். சில அடிகள் போவதற்குள் பின்னால் ஒரு பெண்பிள்ளை கூச்சலிட்டாள். கோமளம் திரும்பினாள். சோளம் சுட்டு விற்கிற அந்தப் பெண்ணின் கரி அடுப்பு மணலில் சாய்ந்து கிடந்தது. தணல் சிதறியிருந்தது. அனந்தராமன் அதற்கு நடுவில் நின்றான். அடுப்பிலிருந்து பொறி பறந்துகொண்டிருந்தது. கண் இருக்கிற யாரும் அதை மிதித்திருக்க முடியாது. பிரணவ் அவன் கையைப் பிடித்தபடியே, தணலுக்கு ஒரு சாண் தள்ளி, அழுதுகொண்டிருந்தான்.

கோமளம் குழந்தையைத் தூக்கினாள். மறு கையால் கணவனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் பேண்டின் ஓரம் கருகியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த மணிக்கட்டை அவள் விடவில்லை. அவனும் விடுவித்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை அவளுக்குப் பாதி நாள்தான் பள்ளிக்கூடம். அனந்தராமன் ஆபீசில் இருந்தான், குழந்தைகள் கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோமளம் கேமராவை எடுத்து, ஷ்ரவண் காட்டிக்கொடுத்தபடி மஞ்சள், வெள்ளை ஒயர்களை டிவியின் பின்னால் சொருகினாள். பீச் கேசட்டைப் போட்டாள்.

அலை, ஹம்சா, பிரணவ், அவளுடைய பாதங்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஹம்சா படத்தைவிட்டு வெளியே போனாள். கேமரா அவளைத் தேடியது. இடதுபக்கம் போய்க் கடலைக் காட்டியது. வலதுபக்கம் வந்து யாரோ ஒருவரின் முதுகைக் காட்டியது. "ஹம்சா," என்று அனந்தராமனின் குரல் கேட்டது. "இங்கதாம்பா நிக்கறேன்," என்று ஹம்சாவின் குரல், மிகவும் பக்கத்தில் கேட்டது. கேமரா அவளைக் கடந்தது. பாவாடையின் பச்சை ஓரம் ஒரு கணம் வந்து மறைந்தது. மறுபடி கடல். "அப்பா, இங்கப்பா. இங்க. உன் பக்கத்துல." கடைசியில் ஹம்சா தானே நடந்து லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றாள். கேமரா அசையாமல் நின்றுவிட்டது. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

கோமளம் எழுந்து சத்தத்தைக் கூட்டினாள். மைக்குக்கு மிக அருகில், உதட்டுக்குள்ளேயே, அனந்தராமன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அலைச் சத்தத்துக்கு நடுவில் முதலில் புரியவில்லை. ஏதோ ஸ்லோகம் என்று நினைத்தாள். ரீவைண்ட் செய்து டிவியின் ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.

"ஹம்சா. பிரணவ். கோமு. ஹம்சா. பிரணவ். கோமு."

கல்யாணக் கேசட்டைப் போட்டாள். நாதஸ்வரத்துக்கு அடியில் அதே குரல், அதே மூன்று பெயர்கள். பிரணவ் இட்லி சாப்பிடுகிற கேசட்டிலும் இருந்தது.

அனந்தராமன் வீடு திரும்பியபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தன் குரலை அவன் கேட்டான். சுவரோரமாக வந்து சோபாவின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"எப்போலேருந்து?" என்று கேட்டாள் கோமளம்.

"ராத்திரியில சின்ன வயசுலேர்ந்தே சரியாத் தெரியாது. பழகிடுத்து. பகல்ல இப்போதான். நாலஞ்சு வருஷமா."

"என்ன தெரியறது உங்களுக்கு?"

அவன் சோபாவில் கிடந்த செய்தித்தாளை எடுத்துக் குழாய்போலச் சுருட்டி அவளிடம் நீட்டினான். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தாள். அவனுடைய மூக்கும் வாயும் தெரிந்தன. சுற்றிலும் வேறு எதுவும் இல்லை.

"அதுக்குள்ள இருக்கறது நன்னாத் தெரியும். பேப்பர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா உன்னைப் பாத்தா குழந்தைகளைக் காணோம். குழந்தைகளைப் பாத்தா நீ இல்லை. இந்தக் கேமராவுக்குள்ள எல்லாம் சின்னதாயிடறது, கோமு. குழாய்க்குள்ளயே மூணு பேரும் அடங்கறேள். இருட்டினாக்கூட அதுல கொஞ்சம் வெளிச்சம் வரது. அன்னிக்கு ஷ்ரவண் கையில குடுத்தப்போ எனக்கு அழுகை வந்துடுத்து."

கோமளத்துக்கும் அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "அந்தக் கண்ணை வெச்சுண்டு குழந்தையை ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சு ஓட்டினேளே. எப்படி மனசு வந்தது?"

"தெரிஞ்ச வழிதானேன்னு," என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "சொன்னா வேலை போயிடும்னு பயம். நீ என்னைப் பாக்கற பார்வை மாறிடும்னு பயம். வேற என்ன சொல்றது?"

ஸ்கூட்டர் சாவியை அவள் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மறு வாரம் மெக்கானிக் கபாலி வந்து வண்டியை விலைக்கு எடுத்துக்கொண்டு போனான்.

அடையாறில் கண் டாக்டர் நல்லசிவத்திடம் போனார்கள். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பட்டுப்போய்க்கொண்டே வருகிறது என்றார். மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. நடுவில் இருக்கிற பார்வை சில வருஷம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னது கோமளத்துக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. எழுந்துகொள்ளப் போனாள்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார் டாக்டர்.

"அத்தை பொண்ணு," என்றான் அனந்தராமன்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்ததா?"

அனந்தராமன் யோசித்தான். கோமளத்துக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. அவனுக்குச் சித்தப்பாவும் அவளுக்குக் கடைசி மாமாவுமான ஒருவர் இருந்தார். விளக்கு வைத்த பிறகு வாசல்படி தாண்டமாட்டார். கோணல் சுபாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் கிணற்றில் விழுந்து செத்தார். அவராகவே குதித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவள் அம்மாகூட அப்படித்தான் நம்பினாள். கோமளம் அதை டாக்டரிடம் சொல்லச் சொல்ல அனந்தராமனின் கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டது.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "குழந்தைங்க எத்தனை பேர்?"

"ரெண்டு."

"ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

அவர்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை. முதலில் காலாண்டுப் பரீட்சை வந்தது, அப்புறம் நவராத்திரி வந்தது, மழை வந்தது. அனந்தராமன் ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. கோமளமும் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் குழந்தைகளை அவள் பார்க்கிற விதம் மாறிவிட்டது. பிரணவ் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டால் கையிலிருந்த வேலை நின்றது. எல்லாக் குழந்தையும் தட்டிவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஹம்சா கதவு நிலையில் இடித்துக்கொண்டால் அரை நாள் சாப்பாடு இறங்கவில்லை. படுக்கப் போகும்போது பிரணவ் விளக்கை அணைக்காதே என்பான். பயம்தான், ஏழு வயசில் எல்லோருக்கும் இருப்பதுதான் என்றும் சொல்லிக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. கட்டடத்துக் குழந்தைகள் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். கோமளம் கேமராவை எடுத்துக்கொண்டாள்.

"நானும் வரேன்," என்றான் அனந்தராமன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவள் தோளில் கை வைத்துப் படியேறி வந்தான்.

மேற்கே வானத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. தெருவில் எங்கும் விளக்கில்லை. குழந்தைகள் தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கோமளம் ரப்பர் வளையத்தில் கண்ணை வைத்தாள். கறுப்பு வெள்ளையில் மாடி முழுவதும் கண்ணுக்குள் வந்தது. ஹம்சாவைக் கண்டுபிடித்தாள். ஓடுகிறாள், தரையில் போகிற குழாயைத் தாண்டிக் குதிக்கிறாள், கொடிக்கயிற்றுக்குக் குனிகிறாள். மறுபடி ஒரு சுற்று. மறுபடி தாண்டிக் குனிகிறாள். கோமளத்தின் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

பிறகு பிரணவைத் தேடினாள். ஓடுகிறவர்களில் அவன் இல்லை. மாடிப்படிக் கதவை ஒட்டி, கைப்பிடிச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். "பிரணவ், பிடிடா," என்று யாரோ அவன் முன்னாலேயே வந்து கைதட்டினார்கள். அவன் சத்தம் வந்த பக்கம் சிரித்தான். சுவரிலிருந்து கையை எடுக்காமல் நடந்தான். காலைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து, குழாய் தட்டுப்படுகிறவரைக்கும் நகர்ந்து, அதன்மேல் பாதத்தை வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தாண்டினான். எத்தனையோ நாளாகச் செய்து பழகியவன் போல, கெட்டிக்காரத்தனமாகச் செய்தான். கொடிக்கயிறு அவன் நெற்றியில் பட்டது.

"என்ன தெரியறது?" என்று பக்கத்திலிருந்து அனந்தராமன் கேட்டான்.

கோமளம் கேமராவை இன்னும் அழுத்திக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"கோமு. சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியலை."

"ஹம்சா நன்னா ஓடறா," என்றாள்.

அவன் காத்திருந்தான். அவள் கேமராவை இறக்கினாள். வெறும் கண்ணாலும் அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

"சுவத்தைப் பிடிச்சுண்டு வரான்," என்றாள்.

அனந்தராமன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவள் பிரணவைக் கூப்பிட்டாள். அவன் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, அப்பாவின் தோளில் இடித்து, இது அப்பாதான் என்று தெரிந்துகொண்டு மடியில் சரிந்தான். ஹம்சாவும் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"நீ ஏன்டா ஓடலை?" என்று கேட்டான் அனந்தராமன்.

"இருட்டிடுத்தேப்பா."

"இருட்டினா என்ன?"

"இருட்டினா யாருக்குமே தெரியாதோன்னோ. இவாள்ளாம் எப்படி விழாம ஓடறான்னுதான் எனக்குப் புரியவே மாட்டேங்கறது. நானும் கத்துக்கணும்."

"எனக்குத் தெரியறதே," என்றாள் ஹம்சா. "இதோ நீ உக்காந்துண்டிருக்கே. அப்பா இருக்கா. அம்மா அழறா."

பிரணவ் அம்மா இருக்கிற பக்கம் என்று நினைத்து முகத்தைத் திருப்பினான். அங்கே தண்ணீர்த்தொட்டி இருந்தது. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"அப்பா, உனக்குத் தெரியறதா?"

அனந்தராமன் அவன் தலையைத் தேடித் தடவினான். "இல்லைடா," என்றான்.

"பாத்தியா," என்று பிரணவ் அக்காவிடம் சொன்னான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது.

திங்கட்கிழமை கோமளம் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். டாக்டர் நல்லசிவத்தின் இருட்டறைக்குள் முதலில் ஹம்சா போனாள், சீக்கிரமே வெளியே வந்தாள். அடுத்துப் பிரணவைக் கூப்பிட்டார்கள். அவன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. கோமளம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நெடுநேரம் திறக்காத அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.